கத்தி 75 மி.மீ... கல் 35 மி.மீ! ஒல்லியான இயற்கைக் கல்லில் சவரக்கத்தி தீட்டுவது எப்படி?

சலூனில் புது பிளேடை இரண்டாக உடைத்து, கத்தியில் சொருகி, காதோரம் இழுப்பதைப் பார்த்திருப்போம். வேலை முடிந்ததும் அந்த அரை பிளேடு குப்பைக்குப் போய்விடும். மழுங்கினால் தீட்டுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஆனா, பிளேடு மாற்றவே முடியாத பழைய மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. முழுக்க ஒரே எஃகுத் துண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் போன்ற ஊர்கள் இந்தக் கத்திகளால் பேர் வாங்கியவை. 1903ல் ஜில்லெட் நிறுவனம் பிளேடு மாற்றும் ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, மடக்குக் கத்தி மெல்ல மெல்ல வீடுகளிலிருந்து விலகியது. இப்போது பழைய பொருள் ஆர்வலர்கள், பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள், தாத்தாவின் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தவர்கள் எனப் பலர் மறுபடியும் அதைத் தேடிப் போகிறார்கள்.

வாங்கிய கொஞ்ச நாளிலேயே வரும் கேள்வி: இதை எதில் தீட்டுவது?

அதற்குக் கிடைக்கும் பதில்களில் ஒன்றுதான் ஒல்லியான இயற்கைக் கல். பார்த்தால் ரப்பர் அழிப்பானுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். அகலம் பெரும்பாலும் 25 முதல் 40 மில்லிமீட்டர்தான். கத்தியின் கூர் விளிம்போ சுமார் 75 மில்லிமீட்டர் நீளம். முழுக் கத்தியும் ஒரே நேரத்தில் கல்லில் படாது. அப்படிப்பட்ட கல்லை ஏன் விற்கிறார்கள்? அதில் எப்படித் தீட்டுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

கல் ஏன் இவ்வளவு ஒல்லி?

முதல் காரணம், பூமி கொடுத்தது அவ்வளவுதான்.

சவரக்கத்திக்குப் பேர்போன கற்களில் ஒன்று 'கோட்டிக்யூல்'. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் மஞ்சள் கலந்த வெண்ணெய் நிறக் கல் இது. சுமார் 48 கோடி ஆண்டுகள் பழமையான பாறை. வியல்சாம் அருகே சால்ம்ஷாட்டோவில் இந்தக் கல்லுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் உள்ளது.

இந்தக் கல் மலை மலையாகக் கிடைப்பதில்லை. நீலமும் ஊதாவும் கலந்த பலகைப் பாறைகளுக்கு நடுவே மெல்லிய பட்டையாக ஓடுகிறது. பட்டையின் கனம் பல இடங்களில் சில சென்டிமீட்டர்தான். அதிலும் மடிப்பு, விரிசல், வேறு கனிமம் ஓடிய கோடு என்று எத்தனையோ குறைகள். எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளிய பிறகு, குறையில்லாத அகலமான துண்டு தேறுவது அபூர்வம். ஒல்லியான துண்டுகள் தேறுவது சுலபம். அதான் கல் அகலமாக ஆக, விலை கிடுகிடுவென ஏறுகிறது.

இரண்டாவது காரணம், பயன்படுத்தியவர்களின் தேவை. முடி திருத்துபவருக்குப் பட்டறை மேசை தேவையில்லை. ஒரு கையில் கல், இன்னொரு கையில் கத்தி. உள்ளங்கையில் அடங்கி, பெட்டியில் போட்டு எடுத்துப் போகிற அளவு இருந்தால் போதும்.

எந்தெந்தக் கற்கள்?

கோட்டிக்யூல் மட்டுமல்ல. இன்னும் சில கற்களும் இந்த வரிசையில் உண்டு.

ஜெர்மனியின் துரிங்கியா பகுதிக் கல்: பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன சோன்பெர்க் ஊரிலிருந்து வந்தது. 'எஷர்' என்ற பெயர் ஒட்டிய கற்கள் இதில் பிரபலம். நிறத்தை வைத்து மஞ்சள் பச்சை, இளம் பச்சை, கரு நீலம் என்று பிரிப்பார்கள். எஷர் நிறுவனம் இன்று இல்லை. பழைய கற்கள்தான் ஏலத்திலும் சேகரிப்பாளர்களிடமும் கைமாறுகின்றன.

இங்கிலாந்தின் சார்ன்லி ஃபாரஸ்ட் கல்: லெஸ்டர்ஷையர் பகுதியைச் சேர்ந்தது. பச்சை சாயல் கொண்டது. நிதானமாக வேலை செய்யும் கல். எண்ணெய் விட்டுத் தேய்ப்பது பழைய வழக்கம்.

அமெரிக்காவின் ஆர்கன்சா கல்: 'நோவாகுலைட்' என்ற பாறை. கிட்டத்தட்ட முழுக்க சிலிகா. மிகக் கடினமானது. இதற்கும் பொதுவாக எண்ணெய்தான்.

ஜப்பானின் கியோட்டோ பகுதிக் கற்கள்: முழு அளவுக் கற்கள் அகலமானவை, விலையும் அதிகம். வெட்டும்போது மிஞ்சும் ஒழுங்கற்ற துண்டுகளை 'கொப்பா' என்று தனியாக, மலிவாக விற்கிறார்கள்.

கடையில் விற்கும் செயற்கைக் கல்லில் 1000, 8000 என்று எண் போட்டிருக்கும். துகள் எவ்வளவு பொடி என்பதை அது சொல்லும். இயற்கைக் கல்லுக்கு அப்படி நிலையான எண் கிடையாது. யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் அது உத்தேசம்தான். ஒரே குவாரியில் வெட்டிய இரண்டு கற்களேகூட வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

கல் எப்படி எஃகை வெட்டுகிறது?

கோட்டிக்யூலுக்குள் இருப்பது கார்னெட் என்ற கனிமத்தின் நுண்ணிய படிகங்கள். நவரத்தினத்தில் கோமேதகம் என்கிறோமே, அதுவும் கார்னெட் குடும்பம்தான். கல்லில் இருப்பது மாங்கனீசு கலந்த 'ஸ்பெஸ்ஸார்டைன்' என்ற வகை. படிகங்களின் அளவு பெரும்பாலும் 5 முதல் 15 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், எவ்வளவு பொடி என்று புரியும்.

கார்னெட், கத்தியின் எஃகைவிடக் கடினமானது. ஆனால் இந்தப் படிகம் கிட்டத்தட்ட உருண்டை வடிவில், பல முகங்களோடு இருக்கிறது. அதனால் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகச் சுரண்டுகிறது. இந்தக் கல்லில் தீட்டிய கத்தி தோலுக்கு இதமாக இருக்கிறது என்று பயன்படுத்துபவர்கள் சொல்வதற்கு இது ஒரு விளக்கம்.

இன்னொரு வசதியும் உண்டு. கல்லின் மேல் சில சொட்டு தண்ணீர் விட்டு, அதே வகைச் சிறு கல்லால் தேய்த்தால், சந்தனம் உரைத்தது போலக் குழம்பு வரும். குழம்பு கெட்டியாக இருந்தால் கல் வேகமாக வெட்டும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் வேகம் குறையும், மெருகு கூடும். ஆக, பல கற்கள் செய்ய வேண்டிய வேலையை ஒரே கல் செய்துவிடுகிறது.

கோணத்தை யார் பார்த்துக்கொள்வது?

சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் அந்தத் தலைவலி இல்லை. கத்தியின் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் இரண்டுமே கல்லில் படும்படி படுக்கவைத்தால் போதும். கோணம் தானாக வந்துவிடும்.

ஒரு கணக்கு: முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர், முதுகிலிருந்து விளிம்பு வரை 18 மில்லிமீட்டர் என்றால், விளிம்பின் மொத்தக் கோணம் சுமார் 16 டிகிரி. தீட்டத் தீட்ட விளிம்போடு சேர்ந்து முதுகும் கொஞ்சம் தேயும். அதனால் கோணம் பெரிதாக மாறாது.

கோணம் பிரச்சினை இல்லை. அப்புறம் என்ன சிக்கல்? முழு நீளத்தையும் சமமாகக் கல்லில் படவைப்பதுதான்.

'எக்ஸ்' போடுவது ஏன்?

35 மில்லிமீட்டர் கல்லில் 75 மில்லிமீட்டர் கத்தியை நேராகத் தள்ளினால், 40 மில்லிமீட்டர் கல்லையே பார்க்காது. அதனால் முன்னே தள்ளும்போதே பக்கவாட்டிலும் இழுக்க வேண்டும். தொடக்கத்தில் பிடிப்பக்கம் கல்லில் இருக்கும். கல்லின் மறுமுனைக்குப் போகும்போது நுனிப்பக்கம் கல்லில் இருக்கும். அங்கே கத்தியைத் திருப்பி, திரும்பி வரும்போதும் அதேபோலப் பிடிப்பக்கத்திலிருந்து நுனிக்கு. போன பாதையும் வந்த பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்வதால் இதற்கு 'எக்ஸ்' வீச்சு என்று பெயர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. புதிதாகத் தீட்டுபவர்கள் பலர் மாட்டுவது இங்கேதான்.

கத்தியின் நடுப்பகுதி, வீச்சின் பெரும்பகுதி நேரம் கல் மேலேயே இருக்கும். பிடிப்பக்கம் தொடக்கத்தில் ஒரு நொடி, நுனி கடைசியில் ஒரு நொடி. கவனிக்காமல் மாதக்கணக்கில் இப்படியே தீட்டினால் நடுப்பகுதி மட்டும் அதிகம் தேய்ந்து, விளிம்பு உள்வாங்கிவிடும். நடுவில் பள்ளம் விழுந்த கத்தி கன்னத்தில் சீராகப் படாது. அதைச் சரிசெய்ய, பள்ளத்தின் ஆழத்துக்கு மீதி விளிம்பு முழுவதையும் தேய்த்து எடுக்க வேண்டும். அதாவது, இரண்டு முனைகளிலும் நல்ல எஃகு வீணாகும்.

இதற்கான தீர்வு எளிது. வீச்சின் முதல் கொஞ்ச தூரம் பக்கவாட்டில் இழுக்காமல் நேராகத் தள்ள வேண்டும். அப்போது பிடிப்பக்கத்துக்கு அதன் பங்கு கிடைக்கும். பிறகு இழுக்க ஆரம்பித்து, கடைசியில் நுனி கல்லை விட்டு வெளியே வரும்வரை முடிக்க வேண்டும்.

தீட்டுவது எப்படி? படிப்படியாக

1. கல்லைச் சமமாக்குங்கள். பென்சிலால் கல்லின் மேல் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய நீர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். கோடுகள் எல்லாம் ஒன்றுபோல அழிந்தால் கல் சமம். கல்லின் ஓரங்களையும் லேசாக மழுக்கிவிடுங்கள். ஒல்லிக் கல்லில் கத்தி அடிக்கடி ஓரத்தைத் தாண்டும். கூரான ஓரம் விளிம்பைச் சிதைத்துவிடும்.

2. கத்தியைச் சோதியுங்கள். விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஒரே ஒரு வீச்சு இழுங்கள். மை எங்கே அழிந்ததோ அங்கே கல் படுகிறது. எங்கே மிச்சமோ அங்கே படவில்லை. பிடிப்பக்கத்திலும் நுனியிலும் மை மிச்சம் இருந்தால், வீச்சை மாற்ற வேண்டும் என்று அர்த்தம்.

3. குழம்போடு தொடங்குங்கள். கத்தியின் விளிம்பு முன்னால் போகும்படி தள்ள வேண்டும். கத்தியின் எடையே போதும், விரலால் அழுத்தவே கூடாது. மெல்லிய கத்தி அழுத்தினால் வளையும். கல் ஒல்லி என்பதால் கை கொஞ்சம் கனத்தாலும் கத்தி ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

4. திருப்பும்போது எப்போதும் முதுகின் மேலே உருட்டித் திருப்புங்கள். விளிம்பின் மேலே திருப்பினால் அதுவரை செய்த வேலை போச்சு.

5. விளிம்பின் இரண்டு பக்கச் சரிவும் முழு நீளத்துக்கும் சந்தித்துவிட்டதா என்று பாருங்கள். கையிலுள்ள முடியைத் தோலை ஒட்டி வழித்துப் பார்ப்பது ஒரு சோதனை. பிடிப்பக்கம், நடு, நுனி மூன்றும் தனித்தனியாக வழிக்க வேண்டும். ஒரு இடம் வழிக்கவில்லை என்றாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இங்கே விட்ட குறையை மெருகு போட்டுச் சரிசெய்ய முடியாது.

6. ஒவ்வொரு சில வீச்சுக்கும் ஓரிரு சொட்டுத் தண்ணீர் சேருங்கள். குழம்பு நீர்க்க நீர்க்க, கல்லின் வேகம் குறையும். கடைசிச் சுற்று வெறும் தண்ணீரில், மிக மெதுவாக.

7. கத்தியைத் துடைத்து, தோல் வாரில் தடவுங்கள். இங்கே திசை மாறும். கல்லில் விளிம்பு முன்னால் போனது. வாரில் முதுகு முன்னால் போக வேண்டும். மாற்றிச் செய்தால் வாரும் கிழியும், விளிம்பும் மடங்கும்.

எத்தனை வீச்சு என்று கேட்டால், நிலையான எண் இல்லை. கல்லைப் பொறுத்தது, கத்தியைப் பொறுத்தது. எண்ணிக்கையை நம்புவதைவிடச் சோதனையை நம்புவது மேல்.

அகலமான கல்லைவிட ஒல்லிக் கல் எங்கே ஜெயிக்கும்?

பழைய கத்திகள் எல்லாம் ஸ்கேல் வைத்தது போல நேராக இருக்காது. சிலவற்றின் விளிம்பு புன்னகை போல வளைந்திருக்கும். சிலவற்றில் உடலே லேசாகத் திருகியிருக்கும். அகலமான கல்லில் வைத்தால், மேடான இடங்கள் மட்டும் பட்டு, பள்ளமான இடம் தப்பிவிடும்.

ஒல்லிக் கல் ஒரு நேரத்தில் கத்தியின் சிறு பகுதியோடு மட்டும் பேசுகிறது. வளைவின் போக்கிலேயே கையை மெல்ல உயர்த்தியும் தாழ்த்தியும் போனால், ஒவ்வொரு பகுதியும் கல்லைத் தொடும். கல்லைக் கையில் பிடித்துத் தீட்டுபவர்களுக்கு இது இன்னும் சுலபம்.

அதே நேரம், அடி வாங்கிய கத்தியை முதலிலிருந்து சரிசெய்ய ஒல்லிக் கல் ஏற்றதல்ல. விளிம்பில் உடைப்பு இருந்தால் பெரிய, வேகமான கல்லில் அதை முடித்துவிட்டு, கடைசி மெருகுக்கு மட்டும் இதற்கு வருவது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* விரிசல் இருக்கிறதா? ஈரப்படுத்திப் பாருங்கள். கல் காயும்போது விரிசல் உள்ள இடம் மட்டும் ஈரக் கோடாக மிச்சம் நிற்கும்.
* நகத்தால் வருடினால் தட்டுப்படும் கோடு உள்ளதா? நிறக் கோடு மட்டும் என்றால் கவலையில்லை. தட்டுப்பட்டால் கத்தியும் அதில் இடிக்கும்.
* நீளத்தில் சமரசம் வேண்டாம். அகலம் குறைந்தால் வீச்சில் ஈடுகட்டலாம். நீளமும் குறைந்தால் ஒரு வீச்சுக்குள் நுனிவரை இழுக்க இடமே இருக்காது. 125 முதல் 150 மில்லிமீட்டர் இருந்தால் கை பழகச் சௌகரியம்.
* ஒழுங்கற்ற வடிவம் குறையல்ல. மேல்பரப்பு சமமாக இருந்தால் போதும், விலையும் குறையும்.

இதையெல்லாம் மறக்காதீங்க

கல்லைத் தேய்த்துச் சமமாக்கும்போது எப்போதும் ஈரத்தில் செய்யுங்கள். இந்தக் கற்கள் பலவற்றில் சிலிகா உள்ளது. அதன் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு.

ஒரு கத்தி ஒருவருக்கு மட்டும்தான். அப்பா கத்தி என்றாலும் மகன் பகிரக் கூடாது. சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் விழும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. பிளேடைத் தூக்கிப் போடலாம். கத்தியைத் தடவிய தோல் வாரை அப்படிச் சுத்தப்படுத்திவிட முடியாது. சலூனில் ஒருவருக்கு ஒரு புது பிளேடு என்ற வழக்கத்துக்கும் இதுதான் காரணம்.

தினமும் தீட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல் வாரில் தடவினால், கல்லுக்கு வர வேண்டியது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். கத்தி இழுத்தால் உடனே கல்லைத் தேடாமல், முதலில் வாரில் நன்றாகத் தடவிப் பாருங்கள். பாதி நேரம் அதுவே போதும்.

கடைசியாக...

கல்லில் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கத்தியிலிருந்து கொஞ்சம் எஃகு போகிறது. போனது திரும்பி வராது. அளவாகத் தீட்டினால் ஒரு கத்தி அடுத்த தலைமுறையையும் பார்க்கும். அவசரப்பட்டால் சில மாதங்களிலேயே நடுவில் பள்ளம் விழும்.

அதனால், கல் போதாதோ என்று அகலமான கல்லுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து விளிம்பில் கோடு போட்டு இழுத்துப் பாருங்கள். பிடிப்பக்கத்திலிருந்து நுனிவரை மை சீராக அழிந்தால், உங்கள் 35 மில்லிமீட்டர் கல்லே போதும். அழியவில்லையென்றால், மாற்ற வேண்டியது கல்லை அல்ல, வீச்சை.